வீட்டுக்குப் பின்னால் ஒரு வட்டமேடு: மேயோ கிராமத்துக் கல்லறைகள் பற்றிய கேள்விக்குப் பதில்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்கிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா பாருங்கள். அயர்லாந்தில் மேயோ மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வாடகைக்கு இருக்கிறீர்கள். வீட்டுக்காரர் விற்கப்போகிறார், நீங்களே வாங்கிவிடலாமா என்று யோசனை. பின்வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ச்சல் நிலம். அதில் வட்டமாக ஒரு மண்கரை, உள்ளே முழங்கால் உயரம்கூட இல்லாத, எழுத்து எதுவும் இல்லாத கற்கள், கரைமேல் ஒரு முள்மரம். பக்கத்து வீட்டுப் பெரியவர் "பிள்ளையை அங்கே விடாதே, உள்ளே போனால் வெளியே வர வழி தெரியாது" என்று சொல்லிவிட்டு, மேலே கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டார். அது இடுகாடா, பேய் பிசாசு நடமாட்டம் உண்டா, வீட்டை வாங்கலாமா என்பவை உங்கள் கேள்விகள். எனக்கென்னவோ, அந்தப் பெரியவர் எதைச் சொல்லாமல் விட்டார் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று தோன்றுகிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நான் தொல்லியல் படித்தவன். அயர்லாந்தின் மேற்குப் பகுதியில் பழைய கல்லறைத் தோட்டங்களை அளந்து, கல்லெழுத்துகளைப் படியெடுத்துப் பதிவு செய்வது பல வருடங்களாக என் வேலை. இறையியலோ மனோதத்துவமோ எனக்குத் துறை இல்லை. இடத்தை நேரில் பார்க்காமல் இதுதான் என்று அடித்துச் சொல்லவும் மாட்டேன். வயலில் கிடக்கும் கற்கள் வெறும் கற்களாகவும் இருக்கலாம். ஆனாலும் மேயோ, வட்டக்கரை, எழுத்தில்லாத சிறு கற்கள், பேச்சை மாற்றும் ஒரு முதியவர் என்று நான்கும் சேர்ந்து வந்தால் இங்கே வேலை செய்யும் யாருக்கும் முதலில் தோன்றுவது ஒன்றுதான்: கில்லீன்.

கில்லீன் என்றால் ஞானஸ்நானம் பெறாமல் இறந்த குழந்தைகளைப் புதைத்த இடம். இந்த அளவுக்கு இது உறுதியான செய்தி. நாடு முழுவதும் ஆயிரத்துக்கும் அதிகமான கில்லீன்கள் பதிவாகியிருக்கின்றன. மேயோ, கால்வே, கெரி போன்ற மேற்கு மாவட்டங்களில்தான் நெருக்கம் அதிகம். கத்தோலிக்கத் திருச்சபையின் விதிப்படி, ஞானஸ்நானம் பெறாதவர்களை மந்திரித்த கல்லறை மண்ணில் அடக்கம் செய்யக் கூடாது. 1917-இல் தொகுக்கப்பட்ட திருச்சபைச் சட்டத்தில்கூட இந்தத் தடை இருந்தது. அந்தக் குழந்தைகளின் ஆன்மா மோட்சத்துக்கும் போகாது, நரகத்துக்கும் போகாது, லிம்போ என்ற இடத்தில் நிற்கும் என்று போதித்தார்கள். உயிரோடு பிறந்து திணறும் குழந்தைக்கு அவசரத்தில் யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்ற அனுமதி இருந்ததால், மருத்துவச்சிகள் பலரை அந்தக் கதியிலிருந்து காப்பாற்றிவிட்டார்கள். அதனால் கில்லீனுக்குப் போனவர்களில் பெரும்பங்கு இறந்தே பிறந்த குழந்தைகள். அவர்களோடு தற்கொலை செய்துகொண்டவர்கள், கரையொதுங்கிய பெயர் தெரியாத மாலுமிகள், ஊர்பேர் தெரியாத வழிப்போக்கர்கள் சிலரும் உண்டு.

இது ஏன் அவ்வளவு பெரிய காயம் என்று புரிய, இங்கே கல்லறை என்றால் என்ன என்று தெரிய வேண்டும். ஐரிஷ் கிராமத்தில் ஒருவர் எங்கே படுப்பார் என்பது பிறக்கும்போதே முடிவான விஷயம். தாத்தா, பாட்டி, அப்பா எல்லோரும் கிடக்கும் அதே குழிக்குத்தான் அவரும் போவார். பக்கத்துப் பங்கில் (பங்கு என்றால் ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவில் வட்டாரம்) கோவிலும் கல்லறையும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாலும், தன் சனங்களோடு கிடக்க வேண்டும் என்று மைல்கணக்கில் பெட்டியைச் சுமந்து போவார்கள். கல்யாணமாகிப் போன பெண்கள் சிலர், கடைசியில் என்னைப் பிறந்த வீட்டாரோடு வையுங்கள் என்று கேட்டு வாங்கியதும் உண்டு. அப்படிப்பட்ட ஊரில், ஒரு குழந்தைக்கு மட்டும் அந்தக் குழியில் இடமில்லை. பங்குத்தந்தை வரமாட்டார். பெரும்பாலும் அப்பாவோ ஒரு மாமனோ, சூரியன் மறைந்த பிறகு அல்லது விடியும் முன், ஒரு சின்னப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ப் புதைத்துவிட்டு வருவார். பேறு முடிந்து படுக்கையில் கிடக்கும் தாய் கூடப் போவதில்லை. எந்த இடம் என்று பல தாய்மாருக்குக் கடைசிவரை சொல்லப்படவே இல்லை.

இது ஏதோ இருண்ட காலத்துக் கதை என்று நினைத்துவிடாதீர்கள். மேயோவிலேயே பாலினா பக்கம் டோனிபான் என்ற இடத்தில் சாலை வேலைக்காக ஒரு கில்லீனை முறையாகத் தோண்டினார்கள். அங்கே 15-ஆம் நூற்றாண்டு முதல் 1950-கள் வரை அடக்கம் நடந்திருக்கிறது. அப்படியென்றால், உங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு தம்பியோ தங்கையோ அந்த மேட்டில் இருப்பதற்கு வாய்ப்பு இருக்கிறது. இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. ஆனால் வயதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள், அவர் பேச்சை மாற்றியதற்கு பேயைத் தேடிப் போக வேண்டாம்.

தோண்டிப் பார்த்த கில்லீன்களிலிருந்து இன்னொன்றும் தெரிகிறது, இதை நான் எப்போதும் அழுத்திச் சொல்வேன். குழந்தைகளை யாரும் வீசி எறிந்துவிட்டுப் போகவில்லை. துணி சுற்றியதற்கான ஊசிகள், சின்ன மரப்பெட்டிகளின் ஆணிகள், தலைமாட்டிலும் கால்மாட்டிலும் கல், மேலே பொறுக்கி எடுத்து வைத்த வெள்ளைக் குவார்ட்ஸ் கூழாங்கற்கள் என்று பார்த்துப் பார்த்துச் செய்த அடையாளங்கள் கிடைக்கின்றன. திருச்சபை கொடுக்காத சடங்கைக் குடும்பங்கள் தங்களுக்குத் தெரிந்த அளவில் செய்திருக்கின்றன. வெள்ளைக் கல் எதற்கு என்று கேட்டால் ஆளுக்கொரு விளக்கம் தருவார்கள். அந்த வழக்கம் கிறிஸ்தவத்துக்கு முந்தைய கல்லறைகளிலும் இருக்கிறது, நடுக்காலக் கல்லறைகளிலும் இருக்கிறது. அதே அர்த்தம் தொடர்ந்து வந்ததா என்பது சந்தேகம்தான்.

இனி அந்த வட்டக்கரை. அதை இங்கே ஃபெயரி ஃபோர்ட் (தேவதைக் கோட்டை) என்பார்கள், ஆய்வாளர்கள் ரிங்ஃபோர்ட் (வட்டக் கோட்டை) என்பார்கள். பெரும்பாலானவை 6 முதல் 10-ஆம் நூற்றாண்டுக்குள் கட்டப்பட்ட விவசாயக் குடும்பங்களின் வீட்டு வளாகங்கள். கோட்டை என்பதெல்லாம் பெரிய வார்த்தை, மாடு திருட்டுக்குப் பயந்து எழுப்பிய சுற்றுக்கரை என்றால் பொருத்தம். நாட்டில் 40,000-க்கும் மேல் இருக்கின்றன. கட்டியவர்களை எல்லோரும் மறந்தபின், அங்கே 'நல்லவர்கள்' குடியிருப்பதாக ஒரு நம்பிக்கை வளர்ந்தது. நல்லவர்கள் என்பது பயத்தில் வைத்த மரியாதைப் பெயர். சிறகு முளைத்த குட்டித் தேவதைகளைக் கற்பனை செய்யாதீர்கள். இவர்கள் நிலத்துக்கடியில் வாழும், மனிதர் உயரமே உள்ள, கோபம் வந்தால் மாட்டையும் பிள்ளையையும் கொண்டுபோய்விடும் கூட்டம். செத்துப்போன தெரிந்தவர்களையே அவர்கள் நடுவில் பார்த்ததாகவும் கதைகள் உண்டு, ஆகவே இறந்தவர்களுக்கும் இவர்களுக்கும் நடுவே தெளிவான கோடு கிடையாது. கரையை உழுதால், முள்மரத்தை வெட்டினால் குடும்பத்தில் சாவு விழும் என்பது இன்றைக்கும் பாதி விளையாட்டாக, பாதி நிஜமாகச் சொல்லப்படுவது. கிளேர் மாவட்டத்தில் லட்டூன் என்ற இடத்தில் 1999-இல் புதிய நெடுஞ்சாலை ஒரு ஹாதார்ன் முள்மரத்தின் மேல் போக இருந்தது. கதைசொல்லி எட்டி லெனிஹன் குரல் எழுப்பி, கடைசியில் மரத்தை விட்டுவைத்தே சாலையைப் போட்டார்கள். சாலைப் பொறியாளர்கள் நல்லவர்களை நம்பினார்களா என்று என்னைக் கேட்காதீர்கள்.

குழந்தைகளைப் புதைக்க ஏன் இந்த மேடுகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. யாரும் உழமாட்டார்கள், எலும்பு கலையாது என்பது ஒரு காரணம். சில வட்டக்கரைகள் உண்மையிலேயே கைவிடப்பட்ட பழைய கோவில் வளாகங்கள், அந்த மண்ணில் கொஞ்சம் புனிதம் மிச்சம் இருக்கும் என்ற எண்ணம் இன்னொன்று. பல கில்லீன்கள் இரண்டு டவுன்லேண்டுகளின் (இங்குள்ள மிகச் சிறிய நிலப் பிரிவுகள்) எல்லையிலோ கடலோரத்திலோ நாற்சந்தியிலோ இருக்கின்றன. இங்கேயும் சேராத அங்கேயும் சேராத ஆன்மாவுக்கு அப்படிப்பட்ட இடமே பொருத்தம் என்றும் விளக்குகிறார்கள். முதல் காரணத்தை நான் அதிகம் நம்புகிறேன், ஏனென்றால் அதன் பலனைக் கண்ணால் பார்க்க முடிகிறது: சுற்றிலும் உள்ள வயல்களெல்லாம் சமப்படுத்தப்பட்ட பிறகும் இந்த மேடுகள் நிற்கின்றன. நல்லவர்கள் மேல் இருந்த பயம் குழந்தைகளின் குழிகளைக் காப்பாற்றியிருக்கிறது. உங்கள் பெரியவர் சொன்ன ஒரு வரியில் அந்தப் பயமும் அதற்கடியில் உள்ள துக்கமும் சேர்ந்தே இருக்கின்றன என்பது என் கணிப்பு.

கில்லீன் வழக்கம் எவ்வளவு பழையது என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒற்றுமை இல்லை. நடுக்காலத்திலேயே தொடங்கிவிட்டது என்று ஒரு கட்சி. 17-ஆம் நூற்றாண்டில் கத்தோலிக்கச் சீர்திருத்தம் விதிகளை இறுக்கிய பிறகுதான் இது ஊர்தோறும் பரவியது என்று இன்னொரு கட்சி, எனக்கு இது வலுவாகப் படுகிறது. கெல்டிக் மதகுருக்கள் காலத்திலிருந்து வரும் இரண்டாயிரம் வருட மரபு என்று சுற்றுலாக்காரர்களிடம் சொல்வார்கள், அதற்கு ஆதாரம் கிடையாது. லிம்போவும் திருச்சபையின் கட்டாயக் கோட்பாடாக ஒருபோதும் அறிவிக்கப்படவில்லை. 1983-இன் புதிய சட்டம், ஞானஸ்நானம் கொடுக்கும் எண்ணம் பெற்றோருக்கு இருந்திருந்தால் அந்தக் குழந்தைக்கு முறையான அடக்கச் சடங்கு செய்யலாம் என்றது. 2007-இல் வத்திக்கானின் இறையியல் குழு ஒன்று, இக்குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப நல்ல காரணங்கள் இருக்கின்றன என்று எழுதியது. அதைப் படித்துவிட்டுக் கோபப்பட்ட முதிய தாய்மாரை எனக்குத் தெரியும். ஐம்பது வருடம் தாமதமான கடிதம் அல்லவா.

"வழி தெரியாது" என்று அவர் சொன்னதற்குத் தனியாகவே ஒரு நம்பிக்கை இருக்கிறது. ஸ்ட்ரே சாட் என்பார்கள், மிதித்தால் திசை மறந்துபோகும் ஒரு புல்திட்டு. நன்றாகத் தெரிந்த சொந்த வயலிலேயே வாசல் கிடைக்காமல் விடியும்வரை சுற்றுவார்களாம். சட்டையைக் கழற்றி உள்புறம் வெளியே வரும்படி போட்டுக்கொண்டால் வழி திறக்கும். ஞானஸ்நானம் இல்லாத குழந்தை புதைந்த இடத்தில்தான் அந்தத் திட்டு உண்டாகும் என்று சில ஊர்களில் சொல்வார்கள், வேறு ஊர்களில் அது நல்லவர்களின் வேலை. இதன் உறவுக்காரன் ஹங்ரி கிராஸ், அதாவது பசிப்புல், மிதித்த ஆளுக்குத் திடீரென்று கால் மடங்கும் அளவுக்குப் பசி வரும், அதனால் பையில் ஒரு துண்டு ரொட்டி வைத்திருப்பார்கள். 1845-இல் தொடங்கிய உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் சாலையோரம் விழுந்து செத்தவர்களோடு இதைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். பஞ்சத்தில் சுமார் பத்து லட்சம் பேர் இறந்தார்கள், மேயோ மிக மோசமாக அடிபட்ட மாவட்டம், ஆகவே அந்த இணைப்பு இயல்பானதே. ஆனால் நம்பிக்கை பஞ்சத்தைவிட மூத்தது என்பது என் எண்ணம்.

ஊர்ப் பொதுக் கல்லறையிலும் நீங்கள் சில விஷயங்களைக் கவனிக்கலாம். கடைசியாக அடக்கமானவர்தான், அடுத்த பெட்டி வரும்வரை, கல்லறைக்குக் காவல் நிற்க வேண்டும் என்பது நம்பிக்கை. உத்தரிக்கிற ஸ்தலத்தில், அதாவது மோட்சத்துக்கு முன் பாவம் கழியும் இடத்தில், தாகத்தோடு இருக்கும் ஆன்மாக்களுக்குத் தண்ணீரும் சுமக்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு சாவு விழுந்தால், தங்கள் ஆள் காவலில் மாட்டக் கூடாது என்று இரண்டு ஊர்வலங்களும் வாசலுக்கு ஓட்டமெடுத்து, பெட்டியைக் கீழே வைத்துவிட்டு அடிதடியில் இறங்கிய கதைகள் மாவட்டத்துக்கு மாவட்டம் கிடைக்கும். திங்கட்கிழமை புதுக் குழி வெட்டக் கூடாது என்பது தெற்கே அதிகம். அவசரமென்றால் ஞாயிறு சாயங்காலமே ஒரு மண்கட்டியைப் புரட்டிப்போட்டுவிட்டு, வேலை நேற்றே தொடங்கிவிட்டது என்று கணக்குச் சொல்வார்கள். குழி திறந்திருக்கும்போது மண்வெட்டியையும் மண்வாரியையும் சிலுவையாக மேலே குறுக்கே வைப்பார்கள். துக்க வீட்டில் கடிகாரத்தை நிறுத்துவதும் கண்ணாடியை மூடுவதும் இன்னும் நடக்கிறது.

மண்ணைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் விட முடியவில்லை, மேயோவுக்கு வெளியே என்றாலும். வடக்கே ஃபர்மனா மாவட்டத்தில் போஹோ என்ற பங்கில், 1815-இல் இறந்த ஜேம்ஸ் மெக்கிர் என்ற குருவின் கல்லறை இருக்கிறது. நான் உயிரோடு இருந்தபோது எதையெல்லாம் குணப்படுத்தினேனோ அதையெல்லாம் என்னை மூடும் மண் குணப்படுத்தும் என்று அவர் சொன்னதாக நம்பிக்கை. ஒரு சிட்டிகை மண்ணைத் துணியில் முடிந்து தலையணைக்கடியில் வைத்துக்கொள்வார்கள், நான்கு நாளுக்குள் திருப்பிக் கொண்டுவந்து போட்டுவிட வேண்டும், இல்லையென்றால் கெடுதல். 2018-இல் ஸ்வான்சீ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குழு அந்தப் பகுதி மண்ணிலிருந்து ஸ்ட்ரெப்டோமைசீஸ் வகைப் பாக்டீரியா ஒன்றைப் பிரித்தெடுத்தது. ஆய்வகத் தட்டில் அது, பல மருந்துகளுக்கு மசியாத எம்.ஆர்.எஸ்.ஏ. உள்ளிட்ட கிருமிகளின் வளர்ச்சியைத் தடுத்தது. இதுவரை உறுதி. இதை வைத்து முன்னோர்களுக்கு அப்போதே ஆன்டிபயாட்டிக் தெரியும் என்று எழுதுகிறார்களே, அது நிரூபணமாகவில்லை. அந்த வகைப் பாக்டீரியா உலகெங்கும் மண்ணில் இருக்கிறது, ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தே அந்தக் குடும்பத்திலிருந்து வந்ததுதான். முடிச்சில் கட்டித் தலையணைக்கடியில் வைத்த மண் பல்வலியை எப்படிப் போக்கும் என்பதை எந்தச் சோதனையும் காட்டவில்லை. யாரும் புண்ணில் மண்ணைத் தடவிப் பார்க்க வேண்டாம்.

உங்கள் மேடு எது என்று கண்டுபிடிக்க வழி இருக்கிறது. முதலில் தேசிய நினைவுச்சின்னத் துறையின் இலவச இணைய வரைபடம், ஹிஸ்டாரிக் என்விரான்மென்ட் வியூவர். உங்கள் டவுன்லேண்டின் பெயரைப் போட்டால் அந்த மேட்டின் மேல் ஒரு புள்ளி இருக்கிறதா, குழந்தைகள் இடுகாடு என்று வகைப்படுத்தியிருக்கிறார்களா என்று தெரியும். அப்புறம் அரசு நில அளவைத் துறையான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் ஆறு அங்குல வரைபடங்கள் (ஒரு மைலை ஆறு அங்குலமாக வரைந்தவை). 1846-க்குள் முதல் பதிப்பு முழு நாட்டுக்கும் வந்துவிட்டது, பல கில்லீன்கள் அதிலேயே பெயரோடு குறிக்கப்பட்டிருக்கின்றன. மூன்றாவதாக டூகஸ் இணையதளம். 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் பள்ளிப் பிள்ளைகளை விட்டுத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு எழுதவைத்த குறிப்புகள் அங்கே இருக்கின்றன. சுமார் 50,000 பிள்ளைகள், 26 மாவட்டங்கள். பழைய கல்லறைகள் என்பது கொடுக்கப்பட்ட தலைப்புகளில் ஒன்று. உங்கள் ஊர்ப் பள்ளியின் நோட்டும் இருக்கலாம். ஒரு எச்சரிக்கை: பேய்க்கதையையும் புதையல் கதையையும் பேரனிடம் சந்தோஷமாகச் சொன்ன பாட்டி, தான் பறிகொடுத்த பிள்ளையைப் பற்றி அவனிடம் சொல்லியிருக்கமாட்டாள். எழுதியதை ஆசிரியர் வேறு திருத்துவார். ஆகவே அங்கே உங்கள் மேட்டைப் பற்றி ஒன்றும் இல்லையென்றால், அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தமாகாது.

பெரியவரிடம் எப்படிப் பேசுவது? பேய் இருக்கா என்று கேட்காதீர்கள். "அங்கே குழந்தைகள் இருக்காங்களா?" என்று ஒரு தடவை, வேறு யாரும் இல்லாத நேரத்தில் கேட்டுவிட்டு விட்டுவிடுங்கள். சொல்ல விருப்பமிருந்தால் அவரே சொல்வார். பல ஊர்களில் இப்போது கில்லீன்களைச் சுத்தம் செய்து, நினைவுக்கல் நட்டு, குருவை வரவழைத்து மந்திரித்திருக்கிறார்கள். கோடையில் வரும் செமெட்ரி சண்டே, அதாவது பங்கு முழுக்கக் கல்லறையில் கூடும் பூசைக்குப் போனால், நீங்கள் எந்த மதமானாலும் யாரும் தவறாக நினைக்கமாட்டார்கள். உங்கள் ஊரில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா என்று அங்கே விசாரிக்கலாம்.

வீட்டை வாங்கலாம். மேட்டைப் பற்றி எனக்குள்ள கவலை வேறு: சில ரிங்ஃபோர்ட்டுகளுக்கு அடியில் கல் அடுக்கிய பழைய சுரங்கப் பாதைகள் உண்டு, மேல்கூரை தளர்ந்திருந்தால் சின்னப் பிள்ளை உள்ளே விழலாம். பிள்ளையைத் தனியாக விடாதீர்கள் என்ற அளவில் பெரியவர் சொன்னது சரிதான். பதிவான இடமென்றால் சட்டப் பாதுகாப்பு உண்டு: கல்லை நகர்த்துவது, தோண்டுவது, அனுமதி இல்லாமல் மெட்டல் டிடெக்டர் கொண்டுபோவது எல்லாம் குற்றம். வீட்டைப் பின்பக்கம் நீட்டிக் கட்டும் எண்ணம் இருந்தால், கட்டட அனுமதி கேட்கும்போது மாவட்டக் கவுன்சில் உங்களைத் தொல்லியல் மதிப்பீடு செய்யச் சொல்லக்கூடும், அந்தச் செலவு உங்கள் தலையில் விழும். ஆகவே முன்பணம் கொடுப்பதற்கு முன், உங்கள் வழக்கறிஞரிடம் நினைவுச்சின்னத் துறையின் அந்த இணைய வரைபடத்தின் ஒரு பிரதியைக் கொடுத்து, பாதுகாப்பு எல்லை உங்கள் மனைக்குள் எவ்வளவு தூரம் வருகிறது என்று மாவட்டக் கவுன்சிலில் எழுத்துமூலம் கேட்டுவிடச் சொல்லுங்கள்.